அடுக்குகளுக்குள் மறைந்திருக்கும் குறை

தூத்துக்குடிக் கடற்கரையில் வாழ்பவர்களுக்கு மூன்று பொருள்கள் நன்கு அறிமுகமானவை. முதலாவது முத்துச் சிப்பி. இரண்டாவது, மர வள்ளங்களின் இடத்தைப் பெருமளவில் பிடித்துக்கொண்ட 'பைபர்' படகு. மூன்றாவது, வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் வழியே செல்லும் காற்றாலை இறக்கை. இவ்விறக்கைகளில் 80 மீட்டருக்கும் மேல் நீளமுள்ளவையும் உண்டு. இவற்றோடு நான்காவதாக ஒரு பொருள் இன்று பெருநகரக் கடைகளில் விற்பனைக்கு வந்துள்ளது. அது கார்பன் இழையால் ஆன சட்டத்தைக் கொண்ட சைக்கிள். அதன் விலை பெரும்பாலும் லட்ச ரூபாயைத் தாண்டும்.

சிப்பிக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நான்குமே அடுக்கடுக்காக அமைந்தவை என்பதே அத்தொடர்பு. இத்தகைய பொருள்களுக்குப் பொதுவான சிறப்பு ஒன்று உண்டு: குறைந்த எடையில் மிகுந்த வலிமை. பொதுவான இடர் ஒன்றும் உண்டு: அவற்றில் ஏற்படும் குறை அடுக்குகளுக்குள் ஒளிந்திருக்கும், கண்ணுக்குப் புலப்படாது. அப்படியானால் வாங்குபவர் எதை நம்பி வாங்குவது? உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் வெறும் காகிதம்தானா? இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

சிப்பி கற்றுத்தரும் பாடம்

முத்துச் சிப்பியின் உட்புறம் பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள். முத்தின் ஒளியும் இதே பொருளால் வருவதுதான். இதில் 100க்கு 95 பங்கு கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் இதே சேர்மத்தால் ஆனதே. சுண்ணாம்புக் கல்லைச் சுத்தியலால் தட்டினால் எளிதில் உடைகிறது. சிப்பியோ எளிதில் உடைவதில்லை. ஏன்?

சிப்பியில் கால்சியம் கார்பனேட் மெல்லிய தகடுகளாக உள்ளது. ஒரு தகட்டின் தடிமன் மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2,000இல் ஒரு பங்கு. செங்கல்லுக்கு இடையே சுண்ணச் சாந்து இருப்பதுபோல், தகடுகளுக்கு இடையே புரதப் பசை மெல்லிய படலமாக இருக்கிறது. ஓரிடத்தில் விரிசல் தோன்றினால் அது நேராக ஊடுருவிச் செல்ல முடியாது. ஒவ்வொரு தகட்டையும் சுற்றி வளைந்து செல்ல நேர்வதால் அதன் ஆற்றல் வழியிலேயே வீணாகிவிடும். உடையும் பொருள் ஒன்றும் நெகிழும் பொருள் ஒன்றும் சேர்ந்து, இரண்டுக்கும் இல்லாத உறுதியைப் பெறுகின்றன. இதைத்தான் அறிவியலார் கூட்டுப்பொருள் என்கின்றனர்.

தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. 1973ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலார் இங்கேயே வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர். வளர்ப்பு முத்தில் மணி போன்ற ஒரு கருவை வைத்து, அதைச் சுற்றிச் சிப்பி தன் படலத்தைப் பூசும்படி செய்கிறார்கள். படலம் தடித்ததா மெல்லியதா என்பதை வெளிப் பளபளப்பு மட்டும் சொல்லிவிடாது. துளையிட்ட முத்தாயின் துளை வாயிலில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். இல்லையேல் எக்ஸ் கதிரின் உதவி வேண்டும். அடுக்குப் பொருளின் தரம் மேற்பரப்பில் இல்லை என்ற இந்த உண்மையைச் சைக்கிளுக்கு வரும்போது நினைவில் கொள்வோம்.

கார்பன் இழை என்பது என்ன?

அக்ரிலிக் துணி நூலுக்கு உறவான ஒருவகைச் செயற்கை இழையை முதலில் 200 முதல் 300 பாகை செல்சியசில் காற்றில் பக்குவப்படுத்துகிறார்கள். பின்னர் ஆக்சிஜன் இல்லாத உலையில் 1,000 பாகைக்கும் மேல் சூடேற்றுகிறார்கள். மற்ற தனிமங்கள் வெளியேறக் கார்பன் மட்டும் இழையாக எஞ்சுகிறது. அதன் குறுக்களவு 5 முதல் 7 மைக்ரான். நம் தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஜப்பானில் அகியோ ஷிண்டோவும், இங்கிலாந்தில் பார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தாரும் 1960களில் இம்முறையை வளர்த்தனர்.

இழை மட்டும் இருந்தால் அது வெறும் நூல். அதை எப்பாக்சி என்னும் பிசினில் தோய்த்து இறுகச் செய்தால்தான் கூட்டுப்பொருள் ஆகும். இப்பொருளின் அடர்த்தி ஏறத்தாழ 1.6, அலுமினியத்தின் அடர்த்தி 2.7, எஃகின் அடர்த்தி 7.85. இழுவிசை இழையின் திசையில் அமைந்தால், அதே எடையுள்ள எஃகைவிடக் கார்பன் பன்மடங்கு தாங்கும்.

இதன் பயனை உணர்த்த ஒரு சான்று போதும். முத்துக்குளித்துறையின் மறுகோடியான இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், ஏவுகணைக்காக உருவாக்கிய இத்தகைய இலேசான பொருளைக் கொண்டு, ஐதராபாத்தில் கால் ஊனமுற்ற குழந்தைகளுக்குத் தாங்கிகள் செய்ய வழிகாட்டினார். 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகத் தாங்கியைச் சுமந்த குழந்தைகளுக்கு 300 கிராம் தாங்கி கிடைத்தது.

சைக்கிள் உலகில் 1986ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டு அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் கார்பன் சட்டத்தில் ஓட்டி 'டூர் டி பிரான்ஸ்' போட்டியை வென்றார். இன்று பந்தயச் சட்டம் ஒன்றை 1 கிலோவுக்கும் குறைவான எடையில் செய்துவிடுகிறார்கள்.

குறை எங்கே பிறக்கிறது?

நமது ஊர்ச் சைக்கிளின் சட்டம் எஃகுக் குழாய்களை இணைத்துச் செய்வது. குழாய் ஆலையிலிருந்து ஒரே சீராக வருகிறது. இணைப்பு மட்டுமே கைவேலை. அதையும் கண்ணால் பார்க்கலாம். கார்பன் சட்டத்திலோ, பொருளே சட்டத்தோடு சேர்ந்துதான் உருவாகிறது.

பிசின் தோய்ந்த கார்பன் தாளை உறைகுளிரில் வைத்துப் பாதுகாப்பார்கள். தேவைப்படும்போது எடுத்து, நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டுவார்கள். சில துண்டுகளில் இழை குழாயின் நீளவாக்கில் ஓடும். சிலவற்றில் 45 பாகைச் சாய்வில் ஓடும். நீளவாக்கு இழை வளைவைத் தாங்கும். சாய்விழை முறுக்கைத் தாங்கும். துண்டுகளைக் குறித்த வரிசையில் கையால் அடுக்கி, அச்சுக்குள் வைத்து, உள்ளே பலூன் போன்ற பையை ஊதி அழுத்தி, சூடேற்றி இறுகச் செய்வார்கள்.

இங்கே தவறு நேர வாய்ப்புகள் பல. ஒரு துண்டு விடுபட்டுப் போகலாம். சாய்வு மாறிப் போகலாம். பையின் அழுத்தம் போதாவிடில் அடுக்குகளிடையே காற்றுக் குமிழ்கள் சிறைப்படும். வளைவான மூலைகளில் தாள் சுருக்கம் விழும். சுருக்கத்தில் இழை நேராக இல்லாததால் அங்கே வலிமை குறையும். வேண்டியதற்கு மேல் பிசின் தேங்கிய இடம் எடையைக் கூட்டுமேயன்றி உறுதியைக் கூட்டாது. இவ்வளவுக்கும் மேலே வண்ணம் பூசிவிட்டால், நல்ல சட்டமும் குறையுள்ள சட்டமும் இரட்டைப் பிள்ளைகள்போலத் தோன்றும்.

வடிவம் ஒன்றாக இருப்பதால் தரமும் ஒன்றாக இருக்கும் என்று கொள்ளக் கூடாது. ஒரே அச்சில் வார்த்த இரு சட்டங்களில் அடுக்கு முறை வேறாக இருக்கலாம். பெயரில்லாத மலிவுச் சட்டங்களும், புகழ்பெற்ற பெயரைப் பொய்யாக ஒட்டிய சட்டங்களும் ஏமாற்றுவது இவ்விடத்தில்தான்.

எஃகு சொல்லிவிட்டு உடையும்

எஃகுக் குழாயின் மேல் அளவுக்கு மீறிய விசை பட்டால் அது முதலில் வளையும். முற்றிலும் அறுபடுமுன் தன் நீளத்தில் நூற்றுக்குப் பத்து, இருபது பங்குகூட நீளும். வளைவைக் கண்டு நாம் எச்சரிக்கை கொள்ளலாம். கார்பன் கூட்டுப்பொருளோ நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு பங்கு நீண்டதும் முறிந்துவிடும். வளைந்து நிற்கும் இடைநிலை அதற்கு இல்லை.

கல் ஒன்று தெறித்துக் குழாயின் பக்கவாட்டில் மோதியது என்று வைத்துக்கொள்வோம். வெளியே ஒரு சிறு தழும்பு மட்டும் இருக்கலாம். உள்ளேயோ, அதிர்ச்சி கூம்புபோல விரிந்து, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கக் கூடும். பிரிந்த அடுக்குகள் இழுவிசையை ஓரளவு தாங்கினாலும் அமுக்கு விசையைத் தாங்க மாட்டா. விமானங்களைப் பராமரிக்கும் பொறியாளர்கள் பெரிதும் அஞ்சுவது இந்த 'அரிதில் தெரியும் அடி'யையே.

இதனால் கார்பன் கெட்ட பொருள் என்று முடிவு செய்துவிட வேண்டாம். மீண்டும் மீண்டும் வரும் விசையால் ஏற்படும் களைப்பைத் தாங்குவதில் அது எஃகையும் அலுமினியத்தையும் மிஞ்சும், துருப்பிடிக்காது. நன்றாகச் செய்த கார்பன் சட்டம் பல ஆண்டுகள் உழைக்கும். 'நன்றாகச் செய்த' என்ற இரு சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

படகுத் துறையில் பெற்ற பட்டறிவு

கார்பன் சைக்கிள் நம் கடற்கரைக்குப் புதிது. ஆனால் அதன் உறவினமான கண்ணாடியிழைப் படகு புதிதன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979ஆம் ஆண்டில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேற்றக் கூடிய கண்ணாடியிழைப் படகுகளை 1980களில் உருவாக்கிச் சோதித்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப் பின், இழந்த கட்டுமரங்களுக்கும் வள்ளங்களுக்கும் பதிலாக இவ்வகைப் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. இந்தியா, இலங்கை, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கில் படகுகள் கட்டப்பட்டன. தேவை அவசரமானது, பயிற்சி பெற்றவர்களோ குறைவு. அவற்றில் பல படகுகள் தரக்குறைவாக இருந்ததை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவன வல்லுநர்கள் சுட்டிக்காட்டினர். கட்டுமானப் பயிற்சிக் கையேடுகளும் அதன் பின் வெளிவந்தன.

படகுக் கூடத்தில் நேரும் குறைகள் சைக்கிள் ஆலையில் நேரும் குறைகளுக்கு அண்ணன் தம்பி முறை. பிசினோடு சேர்க்கும் இறுக்கி மருந்து பொதுவாக 100க்கு 1 அல்லது 2 பங்குதான். கூடினால் பிசின் விரைந்து சூடேறி இறுகி நொறுங்கும் தன்மை பெறும். குறைந்தால் முழுமையாக இறுகாது. கண்ணாடியிழைப் பாய் ஈரம் பட்டிருந்தால் பிசின் ஒட்டாது. உருளையால் காற்றை அழுத்தி வெளியேற்றாவிடில் குமிழ்கள் தங்கும். பின்னாளில் கடல்நீர் அக்குமிழ்களுக்குள் கசிந்து புகுந்து கொப்புளங்களை உண்டாக்கும். கரையில் கிடக்கும் படகின் வெளிப்பூச்சைப் பார்த்து இவற்றில் எதையும் அறிய முடியாது. கரையிலிருந்து பல மைல் தொலைவில் அலை அடிக்கும்போதுதான் அடுக்கின் தரம் வெளிப்படும். அங்கே உடைந்தால் இழப்பது படகை மட்டும் அன்று.

உப்பும் கார்பனும்

கடலோர ஊர்களில் கார்பன் சைக்கிள் வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டார்ச் விளக்கில் போடும் சாதாரண மின்கலத்தைப் பிரித்தால், நடுவில் கரித்தண்டும் சுற்றிலும் துத்தநாகக் கூடும் காணப்படும். மின்கலம் வேலை செய்யும்போது துத்தநாகம் அரிக்கப்படுகிறது. கரி அப்படியே இருக்கிறது. கார்பன் சட்டத்திலும் இதே நிலை ஏற்படலாம். சட்டத்தில் சில இடங்களில் அலுமினியத் துண்டுகளை ஒட்டிப் பொருத்துவார்கள். உப்பங்காற்றின் ஈரம் இடையே புகுந்தால், கார்பனும் அலுமினியமும் சேர்ந்து சிறு மின்கலமாகி, அலுமினியம் அரிக்கப்படும். அரிப்பில் உண்டாகும் வெண்பொடி கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஒட்டு நெம்பப்பட்டு விலகும். கார்பன் குழாய்களை அலுமினிய இணைப்புகளில் ஒட்டிச் செய்த தொடக்க காலச் சட்டங்கள் சிலவற்றில் இக்குறை வெளிப்பட்டது. நல்ல உற்பத்தியாளர்கள் இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழை அடுக்கு ஒன்றை வைத்து இதைத் தடுக்கிறார்கள். அந்த ஓர் அடுக்கு இருக்கிறதா இல்லையா என்பதும் வாங்குபவருக்குத் தெரியாது.

பெரிய நிறுவனங்களும் விதிவிலக்கல்ல

பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் தன் ஆர்.பி.211 விமான எஞ்சினுக்குக் கார்பன் விசிறி இதழ்களை வடிவமைத்தது. 1970ஆம் ஆண்டில், பறவை மோதினால் என்ன ஆகும் என்று அறிய இறந்த கோழியை எறிந்து சோதித்தபோது இதழ்கள் தாங்கவில்லை. டைட்டேனிய இதழுக்கு மாற வேண்டியதாயிற்று. எஞ்சினுக்கு ஆன செலவுச் சுமையால் 1971 பிப்ரவரியில் நிறுவனமே திவாலாயிற்று. ஆனால் சோதனை கூடத்தில் நடந்ததால் உயிரிழப்பு இல்லை. பிற்காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் முன்விளிம்பில் உலோகக் கவசம் பொருத்திக் கார்பன் இதழ்களை வெற்றிகரமாகப் பயன்படுத்தியது.

சைக்கிள் துறையில், 2021 மார்ச்சில் பெல்ஜியத்தில் நடந்த 'லெ சமின்' பந்தயத்தில் டச்சு வீரர் மாத்யூ வான் டெர் புலின் கார்பன் கைப்பிடி ஓட்டத்தின் நடுவே முறிந்தது. ஜெர்மனியின் கேன்யன் நிறுவனம் அந்த வகைச் சைக்கிளை வாங்கியோர் அனைவரையும் அதை ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. பின்னர் மாற்றுப் பாகங்களை அளித்தது. 2023 செப்டம்பரில் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், இரு அலுமினியப் பகுதிகளை ஒட்டிச் செய்த கிராங்குகள் ஒட்டு விட்டுப் பிரிவதாகக் கூறி, அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் சுமார் 7,60,000 கிராங்குகளைச் சோதனைக்கு அழைத்தது. உத்தரவாதத்தின் உண்மையான பொருள் இத்தகைய வேளையில்தான் விளங்கும். பெயரும் முகவரியும் உள்ள உற்பத்தியாளர் இருந்ததால்தான் செய்தி வாங்கியவரைச் சென்றடைந்தது.

சோதனைகள்

சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 என்ற பன்னாட்டுத் தர அளவீடு உள்ளது. இதன்படி மாதிரிச் சட்டத்தின் மிதிகளில் 1,000 நியூட்டனும் அதற்கு மேலும் விசை கொடுத்து 1,00,000 முறை மிதிப்பார்கள். 22.5 கிலோ எடையை அதன் மேல் விழச் செய்வார்கள். ஆனால் சோதனைக்கு உள்ளாவது மாதிரிச் சட்டமே. நம் கைக்கு வரும் சட்டம் அன்று. ஒவ்வொரு சட்டமும் மாதிரியைப் போலவே அடுக்கப்பட்டதா என்பதை ஆலையின் ஒழுங்குதான் உறுதி செய்ய வேண்டும். கேளா ஒலி, எக்ஸ் கதிர், வெப்பப் படம் ஆகிய முறைகளால் உள்ளே பார்க்கலாம். இவை செலவு மிக்கவை.

வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது நம் வழக்கம். நாணயத்தால் கார்பன் குழாயைத் தட்டிக்கொண்டே சென்றால் நல்ல இடத்தில் 'டக்' என்ற தெளிவான ஒலியும், அடுக்கு பிரிந்த இடத்தில் 'பொத்' என்ற மந்தமான ஒலியும் கேட்கும். குழாயின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒலியும் மாறும். ஆகவே இது ஐயம் எழுப்ப உதவுமேயன்றித் தீர்ப்புச் சொல்ல உதவாது.

உத்தரவாதம் எதைக் காக்கும்?

சில சைக்கிள் நிறுவனங்கள் சட்டத்துக்கு முதல் உரிமையாளரிடம் இருக்கும்வரை உத்தரவாதம் தருகின்றன. சில, குறித்த ஆண்டுகளுக்கு மட்டும் தருகின்றன. எதுவாயினும் அது பொருளிலும் வேலைப்பாட்டிலும் உள்ள குறைக்கே பொருந்தும். விபத்து, தேய்மானம், அளவுக்கு மீறிய முடுக்கம், பிறர் செய்த பழுதுபார்ப்பு ஆகியவை பொதுவாக விலக்கு. இரண்டாம் கையாக வாங்கியவருக்கும் பெரும்பாலும் உரிமை இல்லை. விபத்தில் உடைந்தால் குறைந்த விலையில் புதிய சட்டம் தரும் நிறுவனங்களும் உண்டு.

வழக்கு எழுவது எங்கே? உடைந்த சட்டத்தைக் கண்டதும் 'இது விபத்து' என்பார் விற்றவர். 'இது உற்பத்திக் குறை' என்பார் வாங்கியவர். உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தால் குமிழ், சுருக்கம், விடுபட்ட அடுக்கு ஆகியவற்றைக் காண இயலும். ஆகவே உடைந்த துண்டை எறிந்துவிடக் கூடாது, அதுவே சாட்சி.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. கண்ணால் காண முடியாத குறை என்றால் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, 45 நாளில் அறிக்கை பெறும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு உண்டு. குறை மெய்ப்பட்டால் பழுது நீக்கவோ, மாற்றுப் பொருள் தரவோ, விலையைத் திருப்பவோ ஆணையிடலாம். பொருளின் குறையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும். உற்பத்தியாளர் யாரென்றே தெரியாவிடில் விற்றவரே பொறுப்பாவார். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார் என்ற விதி இருப்பினும், சொந்த உழைப்பால் வாழ்க்கை நடத்துவதற்காகவே வாங்கியவர் நுகர்வோரே. தன் படகில் தானே தொழிலுக்குச் செல்லும் மீனவர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். முறையீட்டை இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். 5 லட்ச ரூபாய்வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

வாங்குவோர் கவனத்துக்கு

சட்டத்தின் வரிசை எண்ணையும் பற்றுச்சீட்டையும் பாதுகாத்து வையுங்கள். திருகாணிகளை, குறித்த அளவுக்கு மேல் முடுக்காதீர்கள். பல இடங்களில் 5 நியூட்டன் மீட்டரே போதுமானது. இதற்கெனத் திருப்புவிசை காட்டும் சாவி உண்டு. கடற்கரையில் ஓட்டிய பின் நல்ல நீரால் துடையுங்கள். விழுந்தெழுந்தால், கீறல் சிறிதாயினும் தேர்ந்தவரிடம் காட்டுங்கள். படகு வாங்குவோர், இறுதிப் பூச்சுக்குப் பின் அன்றி, அடுக்குகள் இடப்படும் நாளிலேயே கூடத்துக்குச் சென்று பாருங்கள். எத்தனை அடுக்கு என்பதை எழுத்தில் கேளுங்கள்.

சிப்பி தன் அடுக்கைத் தன் உயிரைக் காக்கவே பூசுகிறது. அதனால் அதில் சிக்கனமும் இல்லை, அவசரமும் இல்லை. மனிதர் செய்யும் அடுக்கு பிறருடைய உயிரைத் தாங்குவதற்காக இடப்படுகிறது. வாங்குபவர் பார்க்க முடியாத ஒன்றுக்குச் செய்தவர்தான் பொறுப்பேற்க வேண்டும். அப்பொறுப்பை எழுத்தில் தர மறுக்கும் சட்டமோ படகோ எவ்வளவு மலிவாயினும், அதில் ஓர் அடுக்கு குறைந்திருக்கிறது என்றே கொள்ளலாம்.